மீனா, நீர்த்தெள்ளா, கருவா, செல்லா? ரசாயனத்தின் நஞ்சை எதில் அளப்பது

ஒரு ரசாயனம் தண்ணீரில் கலந்தால் அங்கே வாழும் உயிர்களுக்கு என்ன ஆகும் என்று பார்க்கப் பல சோதனைகள் இருக்கின்றன. எல்லாமே கடைசியில் ஒரு எண்ணைத்தான் தரும்: லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். பாதி உயிர்கள் சாகும் செறிவு எல்.சி.50. அசைவு, வளர்ச்சி என்று வேறு பாதிப்பை வைத்துக் கணக்கிட்டால் இ.சி.50. அந்த எண் 1 அல்லது அதற்குக் கீழே இருந்தால், ரசாயன ஆபத்துகளை உலகம் முழுக்க ஒரே மாதிரி வகைப்படுத்தும் ஜி.எச்.எஸ். முறையில் கடும் நச்சின் முதல் வகை. 10 வரை இரண்டாம் வகை, 100 வரை மூன்றாம் வகை. அந்த எண் எந்த உயிரிடமிருந்து வந்தது என்று கேட்பவர்கள்தான் குறைவு. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

பழைய வழி மீன். பல நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி.யின் 203ஆம் சோதனை வழிகாட்டிப்படி 96 மணி நேரச் சோதனை. ஐந்து செறிவுகள், ரசாயனம் கலக்காத ஒரு தொட்டி, ஒவ்வொன்றிலும் குறைந்தது 7 மீன் என்று வைத்தால் 42 மீன் ஆகிறது. செவுள், கல்லீரல், நரம்பு எல்லாம் வேலை செய்யும் முழு உடல் என்பதால், நஞ்சு உள்ளே போய் உருமாறித் தாக்கினாலும் இதில் தெரிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு ரசாயனத்துக்கும் இத்தனை மீன்களைச் சாகவிட்டு விடை தேடுவதை என் மனசு ஏற்பதில்லை.

இறால், நண்டுக்கு உறவான மிகச் சிறிய நீருயிர், நீர்த்தெள்ளு என்கிற டாஃப்னியா. அதை வைத்தால் 48 மணி நேரம் போதும். பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகள், செறிவுக்கு 20. பாத்திரத்தை மெதுவாக ஆட்டிய பிறகு 15 நொடிக்குள் நீந்தாவிட்டால் அது முடங்கியதாகக் கணக்கு. பாசிச் சோதனை 72 மணி நேரம். களைக்கொல்லி போன்றவற்றுக்கு அது மிக முக்கியம். ஒளிச்சேர்க்கையைத் தடுக்கும் பொருளை மீனிடம் கேட்டு என்ன பயன்? பல ரசாயனங்களில் மீனைவிட இந்த இரண்டும்தான் முதலில் அடிபடுகின்றன. அதனால் இவை இரண்டையும் முதலில் செய்து, கிடைத்த சின்ன எண்ணை எடுத்து அந்த ஒரே செறிவில் மட்டும் மீனைச் சோதிக்கலாம் என்று 2010லேயே ஓ.இ.சி.டி. வழி சொல்லிவிட்டது. அங்கே மீன் சாகவில்லையென்றால் முழுச் சோதனையே வேண்டாம்.

சரி, மீனுக்கு மாற்று உண்டா? உண்மையான போட்டி இரண்டுக்குள்தான். 2013இல் வந்த 236ஆம் வழிகாட்டி ஜீப்ரா மீனின் கருவைப் பயன்படுத்துகிறது. முட்டை கெட்டுப்போனதா, இதயம் துடிக்கிறதா என்பது போன்ற நான்கு அடையாளங்களை 96 மணி நேரம் பார்க்கிறது. 2021இல் வந்த 249ஆம் வழிகாட்டியில் மீனே இல்லை. ரெயின்போ டிரவுட் மீனின் செவுளிலிருந்து வந்த செல்களை வளர்த்து, 24 மணி நேரம் ரசாயனத்தில் வைத்து, மூன்று சாயங்களால் உயிர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். செல் சவ்வைப் பொதுவாகக் கெடுக்கும் பொருள்களில் இரண்டும் மீனோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன.

இரண்டும் சறுக்குகிற இடமும் ஏறக்குறைய ஒன்றுதான். அல்லைல் ஆல்கஹால் மீனின் உடலுக்குள் அக்ரோலீனாக மாறிய பிறகுதான் கொல்லும். கருவிலும் செவுள் செல்லிலும் அந்த மாற்றம் போதிய அளவு நடப்பதில்லை. அதனால் இரண்டுமே ஆபத்தைக் குறைத்துக் காட்டுகின்றன. நரம்பு நஞ்சுகளிலும் இதே தவறு. அப்புறம், பெரிய மூலக்கூறுகள் முட்டை உறையைத் தாண்ட முடியாமல் நின்றுவிடலாம். செல்லுக்கு அந்த உறை இல்லை. என் தேர்வு செல்தான், பொருள் நரம்பு நஞ்சு அல்ல என்று தெரிந்திருந்தால்.

மூலக்கூறின் அமைப்பை வைத்தே நச்சை மதிப்பிடும் ஈகோசார் போன்ற மென்பொருள் எந்தப் பொருளை முதலில் சோதிப்பது என்று வரிசைப்படுத்த நல்லது. அதற்கு மேல் நம்பமாட்டேன்.

முழு மீனும் ஏமாற்றும் என்பதற்கு டயர் ரப்பரில் சேர்க்கும் 6பிபிடி சாட்சி. அது ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குவினோன் என்ற வேறு பொருளாக மாறுகிறது. கோஹோ சால்மன் மீனைக் கொல்வது இந்தக் குவினோன்தான் என்று 2020இல் தெரிந்தது, லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவிலேயே பாதி மீன்கள் சாகின்றன. அதைவிடப் பல மடங்கு கொடுத்தும் சோதனைக்கூடத்தின் வழக்கமான ஜீப்ரா மீனும் மெடாகாவும் சாகவில்லை.

காலமும் ஏமாற்றும். கனடாவில் 260ஆம் எண் ஏரியில் 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரையின் ஹார்மோனை லிட்டருக்கு 5–6 நானோகிராம் அளவில் கலந்தார்கள். ஃபேட்ஹெட் மின்னோ ஆண் மீன்களிடம் பெண்தன்மை வந்தது, பிறகு அந்தக் கூட்டமே அழியும் நிலைக்குப் போனது. 96 மணி நேரச் சோதனையில் இது எப்படித் தெரியும்? நாள்பட ஆற்றில் கலக்கிற பொருளென்றால் டாஃப்னியாவின் 21 நாள் இனப்பெருக்கச் சோதனையும், மீனின் இளம்பருவச் சோதனையும் இல்லாத அறிக்கையை நான் ஏற்பதில்லை.

எதைத் தேர்ந்தாலும் தண்ணீரில் உண்மையிலேயே எவ்வளவு ரசாயனம் இருந்தது என்று அளந்திருக்க வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள பொருள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், ஆவியாகிறது பறந்துவிடும். கலந்த அளவுக்கும் அளந்த அளவுக்கும் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அளந்த அளவை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். அறிக்கை கைக்கு வந்ததும் நான் முதலில் புரட்டுவது அந்த அட்டவணையைத்தான்.