அமெரிக்க ராணுவத்திடம் கேட்பது: இழப்பீடா, ஆறுதல் பணமா?

ஈராக்கில் ஒருவரை அமெரிக்க ராணுவ லாரி இடித்துவிட்டது, இன்னொருவருக்கு அந்த ராணுவத்தின் சோதனைச் சாவடியில் குண்டு பாய்ந்தது என்று வைத்துக்கொள்வோம். இருவருக்குமே கால் போய்விட்டது. ஆனால் கேட்கும் வழி வேறு.

லாரியில் அடிபட்டவருக்கு 1942இல் வந்த அமெரிக்காவின் வெளிநாட்டு உரிமைகோரல் சட்டம் இருக்கிறது. 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். மருத்துவ ரசீது, சாட்சி எல்லாம் கையில் இருந்தால் நல்லது. விசாரிப்பதும் ராணுவம் அமைக்கும் ஆணையம்தான். இடித்தவர் வீட்டுத் திண்ணையிலேயே பஞ்சாயத்து! இருந்தாலும் உள்ளூர்ச் சட்டத்தையும் வழக்கத்தையும் பார்த்துச் சேதத்தைக் கணக்கிடுவார்கள். 1,00,000 டாலர் வரை கொடுக்க இடமுண்டு.

ஆனால் ‘சண்டையில் நடந்தது’ என்று கோப்பில் எழுதிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். சாவடிக் குண்டு பெரும்பாலும் அதில்தான் சேரும். அப்புறம் மிஞ்சுவது ஆறுதல் பணம். தளபதி மனது வைத்தால் உண்டு. உரிமை என்று கேட்க முடியாது, தவறை ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது. ஈராக் போரின் தொடக்க ஆண்டுகளில் பலத்த காயத்துக்கு 1,500 டாலர், உயிருக்கு 2,500 என்பதுதான் வழக்கமான உச்சம். 2015இல் ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகர மருத்துவமனையை அமெரிக்க விமானம் தாக்கியபோது காயத்துக்கு 3,000, உயிருக்கு 6,000 டாலர் கொடுத்தார்கள்.

ஆறுதல் பணம் சீக்கிரம் கைக்கு வரும், சரி. ஆனாலும் ‘சண்டை’ என்பதில் துளி சந்தேகம் இருந்தாலும், முதல் வழியில் ஒரு மனு போட்டுப் பார்ப்பதே மேல்.