சுருட்டையா, தட்டையா? மாடியில் பார்ஸ்லி வளர்த்துப் பார்த்த கதை

பார்ஸ்லி, கொத்தமல்லி போல வாசனைக்குப் போடும் மேல்நாட்டுத் தழை. அதன் விதை கேட்டால் கடைக்காரர் இரண்டு பாக்கெட்டை நீட்டுவார். ஒன்றில் கோழிக்கொண்டை மாதிரி நெளிநெளியான இலை. இன்னொன்றில் கொத்தமல்லியின் பெரியப்பா பையன் மாதிரி தட்டையான இலை. முதல் வருஷம் அழகுக்கு மயங்கிச் சுருட்டையை வாங்கினேன். அடுத்த ஐப்பசியில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துச் செடி வளர்க்கும் பையில் விதைத்தேன். கோவையில் மேற்கு பார்த்த மொட்டை மாடி, ஒரே மண் கலவை, ஒரே தண்ணீர்.

முளைப்பதில் இரண்டும் ஒரே சோம்பேறிகள்தான். கொத்தமல்லி பத்து நாளில் தலை காட்டிவிடும். பார்ஸ்லிக்கு மூன்று வாரம் பொறுக்க வேண்டும், சில சமயம் நாலு. விதையிலேயே முளைப்பை மட்டுப்படுத்தும் வேதிப்பொருள் இருப்பதும் இதற்கு ஒரு காரணம். அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் தூவினேன். மேல்மண் ஒரு நாள் காய்ந்தாலும் பாடுபட்டது வீண். ஈரச்சாக்கைப் போட்டு மூடி, தினமும் தூக்கிப் பார்த்து, பச்சை தெரிந்த அன்றே எடுத்துவிட்டேன். பாக்கெட்டில் தேதி பாருங்கள். பழைய விதை என்றால் இந்தக் காத்திருப்பே வேண்டாம்.

வித்தியாசம் தெரிந்தது மழையில்தான். செடி வளர்ந்தபின் வந்த அடைமழையில் சுருட்டை இலையின் மடிப்பெல்லாம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. அடி இலைகள் மஞ்சளாகி, கொழகொழவென்று மண்ணோடு ஒட்டின. மழை விட்டதும் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தது. மடிப்புக்குள் புகுந்துகொண்டால் வேப்பெண்ணெய்க் கரைசல் அங்கே எங்கே போய்ச் சேரும்? தட்டை இலையைத் திருப்பிப் பிடித்து, விரலால் வழித்துவிட்டு, கரைசலைத் தெளித்தேன், வேலை முடிந்தது. கழுவும்போதும் இதே கதைதான். சுருட்டையை மூன்று தண்ணீர் அலசியும் பல்லில் மண் நறநறத்தது.

வெயிலையும் தட்டை ரகம் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிறது. மாசி பிறந்ததும் இரண்டுக்கும் நிழலுக்குப் பச்சை வலை கட்டினேன். சுருட்டை அந்த மாசத்திலேயே ஓரம் கருகி நின்றுவிட்டது. தட்டை சித்திரை வரை இழுத்தது, இலை சிறுத்துப் போனாலும். 35 டிகிரி வெயிலில் இதற்கு மேல் கேட்பது பேராசை. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

ருசிக்கு வருவோம். தட்டைக்கு வாசனை அதிகம். லெபனான்காரர்களின் தபூலே சாலட்டில் கைநிறைய நறுக்கிப் போட இதுதான் பொருத்தம். சுருட்டை மென்மையான வாசனை, தட்டில் அலங்காரத்துக்கு நிற்கும். ஒருநாள் அத்தை மாடிக்குப் போய் சுருட்டையை ஒரு பிடி கிள்ளி வந்து ரசத்தில் போட்டுவிட்டார். "என்ன கண்ணு, இந்த மல்லித்தழைல வாசமே இல்லை, பாசியாட்ட மிதக்குது?" என்றார். அதோடு தீர்ப்பு முடிந்தது. ஒரு எச்சரிக்கை: பார்ஸ்லியில் வைட்டமின் கே மிக அதிகம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் பிடிபிடியாகச் சாப்பிடும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது.

சுருட்டைக்கு ஒரு நியாயம் உண்டு. குட்டையாக, அடர்த்தியாக வளர்வதால் சமையலறை ஜன்னலோரத் தொட்டிக்கு அது எடுப்பாக இருக்கும். தட்டை காலை நீட்டிச் சரிந்து கிடக்கும்.

விதைக்குப் பதில் நாற்று வாங்கலாமே என்றால், ஒரு நர்சரியில் வாங்கி நானும் ஏமாந்திருக்கிறேன். பார்ஸ்லி என்று எழுதி ஒட்டியிருந்த கப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்தால், தண்டு தடித்து, வரிவரியாகக் கோடு விழுந்து, கடித்தால் உப்புக் கரித்தது. செலரி! இரண்டும் ஒரே குடும்பம், நாற்றில் ஏமாறுவது சுலபம். சரியான நாற்றே கிடைத்தாலும் பார்ஸ்லிக்கு ஆணிவேர். கப்பில் சுருண்டுபோன வேரைக் கலைத்து நட்டால் செடி முறுக்கிக்கொள்ளும். மண்கட்டி உடையாமல் அப்படியே இறக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். என் கட்சி விதைதான்: ஒரு அடி ஆழப் பையில் நேராகத் தூவி, பிறகு ஒரு சாண் இடைவெளி விட்டுக் கலைத்துவிடுவது. பிடுங்கிய குருத்துகள் ஆம்லெட்டுக்கு.

எந்த ரகமானாலும் கொத்தமல்லி மாதிரி நுனியைக் கிள்ளாதீர்கள். வெளிவட்டத்துத் தண்டை அடியோடு வெட்டுங்கள். நடுக்குருத்து அடுத்த தண்டை விட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த ஐப்பசிக்கு நாலு பை தயாராக இருக்கிறது. மூன்றில் தட்டை. நாலாவதில் சுருட்டை, மாடிப்படி ஓரமாக, மழை படாத மூலையில். அத்தையின் கைக்கு எட்டாத உயரத்தில்.