கோதுமை பீருக்கு வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி: ஓராண்டு அனுபவம்

ஜெர்மனியின் பவேரிய வகைக் கோதுமை பீரின் சுவையை, கசப்புத் தரும் ஹாப்ஸ் பூக்களைவிட ஈஸ்ட்டும் அது நொதிக்கும் வெப்பநிலையுமே தீர்மானிக்கின்றன. வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசிட்டேட், கிராம்பு மணம் தரும் 4-வினைல் குவாயக்கால் ஆகிய இரண்டையும் உண்டாக்குவது ஒரே ஈஸ்ட்தான். பொதுவாக 17, 18 டிகிரி செல்சியஸில் நொதித்தால் கிராம்பு எடுப்பாகத் தெரியும். 22-ஐத் தாண்டினால் வாழைப்பழம் மற்றதை அமுக்கிவிடும். நான் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவன்; மியூனிக்கில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் அடித்தளம் ஜூலையில் 25 டிகிரியைத் தொடுவதால், ஒரு பழைய ஃபிரிட்ஜையும் இந்த வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியையும் வாங்கினேன். கருவியின் விலை, இரண்டு பெட்டி கோதுமை பீரின் விலைக்குச் சற்றே குறைவு.

கருவியில் இரண்டு செருகிடங்கள் உள்ளன. ஒன்றில் ஃபிரிட்ஜையும் மற்றதில் சூடேற்றும் பட்டையையும் செருகி, வேண்டிய வெப்பநிலையைக் குறித்தால் போதும். கம்ப்ரசர் அடிக்கடி நின்று ஓடிப் பழுதாகாமலிருக்க இடைவெளி நேரமும் வைக்கலாம்; நான் ஐந்து நிமிடம் வைத்திருக்கிறேன்.

ஆனால் வெப்பநிலையை அளக்கும் சென்சாரை எங்கே வைப்பது என்பது பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. முதல் முறை அதை ஃபிரிட்ஜுக்குள் சும்மா தொங்கவிட்டேன். திரையில் 18.0 என்று நிம்மதியாக நின்றது. இரண்டாம் நாள், பீர் நொதிக்கும் வாளியில் ஒட்டியிருந்த வெப்பமானிப் பட்டையைப் பார்த்தால் 22. ஈஸ்ட் மும்முரமாக வேலை செய்யும்போது தானே வெப்பத்தை வெளியிடுவதால், வாளிக்குள் இருப்பது சுற்றியுள்ள காற்றைவிட மூன்று, நான்கு டிகிரி கூடுதலாக இருப்பது வழக்கம். அந்த இருபது லிட்டரும் வாழைப்பழ மிட்டாயைக் கரைத்தது போல இருந்தது. விருந்தாளிகள் சிலர் அதையே புகழ்ந்தார்கள் என்பது வேறு கதை.

இப்போது சென்சாரை வாளியின் பக்கத்தில், திரவ மட்டத்துக்குக் கீழே ஒட்டி, அதன் மேல் நான்காக மடித்த துணியை வைத்துக் கட்டுகிறேன். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. கம்ப்ரசர் நின்ற பின்னும் ஃபிரிட்ஜின் குளிர் பீரை மேலும் இறக்க, உடனே பட்டை சூடேற்றத் தொடங்க, இரண்டும் மாறி மாறி மல்லுக்கட்டின. குறித்த வெப்பநிலையிலிருந்து அனுமதிக்கும் வேறுபாட்டை 0.3-இலிருந்து 1 டிகிரியாக உயர்த்திய பிறகே அடங்கின. பனிக்கட்டி நீரில் சோதித்தபோது சென்சார் 0.8 டிகிரி கூட்டிக் காட்டியது. திருத்த வசதி இருப்பதால் அதைப் பெரிய குறையாகச் சொல்லமாட்டேன்.

17 டிகிரியில் ஈஸ்ட்டைச் சேர்த்து, மூன்று நாள் 18-இல் வைத்து, பிறகு 21 வரை ஏறவிட்ட கடைசி மூன்று தடவையும் கிராம்பும் வாழையும் ஒரே அளவில் வந்தன. அடித்தளம் கோடையிலும் 18 டிகிரியைத் தாண்டாத பழைய வீடுகளில் இருப்போர் இதை வாங்க வேண்டாம். வாளியை நிறுத்த ஒரு தண்ணீர்த் தொட்டி போதும்.