பிளாக்குக்காக அலைந்த 11 நாள்

இந்த முறை மூன்று வார லீவில் ஊருக்குப் போனது அக்காவுக்காக மட்டும்தான். அக்காவுக்கு டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்ஃபோமா. நிணநீர் மண்டலத்தில் வரும், வேகமாக வளரும் புற்றுநோய். ஆர்-சாப் என்ற கூட்டு மருந்துச் சிகிச்சை ஆறு சுற்று முடிந்த எட்டாம் மாதம் கழுத்தில் கட்டி திரும்ப வந்தது. அடுத்துக் கொடுத்த கீமோவுக்கும் அடங்கவில்லை. புது மருந்து ஆய்வு ஒன்றில் சேர்கிறீர்களா என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். "சோதனை எலி ஆக்கிடுவாங்களோ" என்று அத்தான் போனில் அழுதார். அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

ஆய்வு நடத்தும் பிரிவில் எனக்குப் பிடித்தது, ஒப்புதல் படிவத்தை விளக்கிய விதம். கோஆர்டினேட்டர் பெண் இரண்டு மணி நேரம் எங்களோடு உட்கார்ந்து தமிழிலேயே ஒவ்வொரு பக்கமாகச் சொன்னார். "இன்னைக்குக் கையெழுத்து வேண்டாம்மா, வீட்டுல படிச்சுட்டு வாங்க" என்றார். பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னார்.

அக்காவின் பயம் வேறு. "வெறும் தண்ணிய ஏத்திட்டு மருந்துன்னு சொன்னா?" என்று கேட்டார். இது இரண்டாம் கட்ட ஆய்வு, ஒரே பிரிவு, சேரும் எல்லோருக்கும் அதே மருந்துதான் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அக்கா முகம் தெளிந்தது.

மருந்து, இரண்டு கை உள்ள ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட இலக்கைப் பிடித்துக்கொள்ளும் புரதம். ஒரு கை புற்றணுவின் மேலுள்ள சிடி20 புரதத்தைப் பிடிக்கும். இன்னொரு கை நம் உடம்பின் நோய் எதிர்ப்பு அணுவான டி-செல்லைப் பிடித்து, புற்றணுவை அழிக்க அதன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும். டி-செல்கள் ஒரேயடியாகப் பொங்கினால் காய்ச்சல் வரும், ரத்த அழுத்தம் இறங்கும். அதனால் முதலில் மிகச் சிறிய அளவு, பிறகு படிப்படியாகக் கூட்டுவார்கள்.

நானும் படித்துப் பார்த்தேன். 2017இல் வெளியான ஸ்காலர்-1 ஆய்வு, இந்த நோய் மருந்துக்கு அடங்காத 636 பேரின் விவரங்களைத் தொகுத்தது. அடுத்த சிகிச்சையில் நோய் முழுதாக மறைந்தது 7 சதவீதம் பேருக்குத்தான். இதே வகை மருந்தான குளோஃபிட்டமாப் ஆய்வில், 2022இல் வெளியான முடிவுப்படி, அது 39 சதவீதம். இரண்டும் வேறு வேறு ஆய்வுகள், நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் அத்தானிடம் அந்த இரண்டு எண்களையும் சொன்னேன். அன்று இரவு அவர் சாப்பிட்டார்.

சரி, கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். கட்டி திரும்பியபோது பயாப்சி எடுத்தது வேறொரு மருத்துவமனை. அந்தத் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக், ஆய்வின் லேபுக்கு வேண்டும். முன்பு ரிட்டுக்சிமாப் (ஆர்-சாப்பில் உள்ள, சிடி20ஐப் பிடிக்கும் மருந்து) ஏற்றியவர்களில் சிலருக்கு சிடி20 மறைந்துபோகும். அது இல்லையென்றால் இந்த மருந்து பிடிக்க ஒன்றும் இருக்காது. முதல் நாள் பொறுப்பாளர் லீவு. அப்புறம் கடிதம் சரியில்லை. அப்புறம் கடிதத்தில் சீல் இல்லை. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 28 நாளுக்குள் தகுதிச் சோதனைகள் முடிய வேண்டும், அதில் 11 நாளை ஒரு கவுண்டர் தின்றது. அந்த நாட்களில் அக்கா கழுத்துக் கட்டி என் கண்முன்னே பெருத்தது. கடைசியில் பேத்தாலஜி தலைவரை நேரில் பார்த்தேன்; அரை மணியில் பிளாக் கையில் வந்தது. அரை மணி வேலைதான்! நோய் திரும்பியவர்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால், பயாப்சி ரிசல்ட் வந்த அன்றே பிளாக்குக்கும் ஸ்லைடுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆய்வு கிடைக்குமா என்று தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்.

சிடி20 இருந்தது. நான் விமானம் ஏறுவதற்கு முதல் நாள் முதல் டோஸ். இரவு முழுக்க ஒரு மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து காய்ச்சல் பார்த்தார்.

இரண்டாவது டோஸுக்கு நான் இல்லை. அது ஏற்றி அக்கா வீடு திரும்பிய மறுநாள் இரவு 2 மணிக்கு 38.4 டிகிரி செல்சியஸ் காய்ச்சல். ஆய்வுப் பிரிவு கொடுத்த அட்டையில் இருந்த எண்ணுக்கு அத்தான் போன் அடித்தார். இரண்டாவது ரிங்கில் எடுத்து உடனே வரச் சொல்லி, இரண்டு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். அடுத்த மாதம் பெட் ஸ்கேன்.