ஜாலி டார் கடிகாரம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: இயந்திரத்தைப் பார்த்து நம்பாதீர்கள்

பழைய புகையிலை விளம்பரக் கடிகாரங்கள் சேர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் 1,850 டாலர் கொடுத்து இணைய ஏலத்தில் ஒரு பேர்ட் கடிகாரம் வாங்கினேன். அது போலி. முழுப் போலியாக இருந்திருந்தால் படத்திலேயே பிடித்திருப்பேன். பாதி உண்மையாக இருந்ததால்தான் ஏமாந்தேன்.

பேர்ட் கடிகாரம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எட்வர்ட் பேர்ட் என்பவர் 1890களின் முற்பகுதியில் நியூயார்க் மாநிலத்தில் உள்ள பிளாட்ஸ்பர்க்கில் விளம்பரக் கடிகாரங்கள் செய்தார். 8 என்ற எண் மாதிரி உருவம். மேல் வட்டத்தில் டயல், கீழ் வட்டத்தில் ஊசல். இரண்டு கதவுகளும் காகிதக் கூழை அச்சில் அழுத்திச் செய்தவை. விளம்பர எழுத்துகள் அந்தக் கூழிலேயே புடைத்து நிற்கும். உள்ளே கனெக்டிகட்டின் சேத் தாமஸ் நிறுவனத்து இயந்திரம். ஒருமுறை சாவி கொடுத்தால் 8 நாள் ஓடும், மணி அடிக்காது. மணி பார்க்க நிமிர்கிற ஒவ்வொருவரும் சரக்கின் பெயரையும் சேர்த்துப் படிப்பார்கள் என்பதுதான் கணக்கு. பிறகு பேர்ட் இல்லினாய்ஸின் எவன்ஸ்டனுக்கு இடம் மாறி, காகிதக் கூழ்க் கதவை விட்டுவிட்டார். அதனால் காகிதக் கூழ்க் கதவு வந்ததே சில வருடங்கள்தான். கூழ் ஈரம் பட்டால் உப்பும், கீழே விழுந்தால் உடையும். முழுசாக ஒன்று கிடைத்தால் அதன் மேல் எல்லோருக்கும் கண்.

நான் தேடிக்கொண்டிருந்தது, லூயிவில் நகரத்துப் புகையிலை நிறுவனமான ஃபின்ஸர் சகோதரர்களுக்காக பேர்ட் செய்த கடிகாரம். ஜாலி டார், பாஸ்டைம், ஓல்ட் ஹானஸ்டி, பிளாங்க் ரோட் என்று அவர்களுடைய மெல்லும் புகையிலைப் பெயர்கள் நான்கும் ஒரே பெட்டியைச் சுற்றி நிற்கும். விளம்பரக் கடிகாரங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பல வருடம் காத்திருந்தேன்.

விற்றவர், தாத்தாவின் மளிகைக் கடையில் தொங்கியது என்று எழுதியிருந்தார். ஏழு படங்கள். அவற்றில் நான்கு, இயந்திரத்தை அருகில் வைத்து எடுத்தவை. பித்தளைத் தகட்டில் சேத் தாமஸ் முத்திரை பளிச்சென்று தெரிந்தது. பின்பக்கப் படம் ஒன்றுகூட இல்லை. கேட்டேன். "நூறு வருஷத்துக் காகிதம், சுவரிலிருந்து கழற்றினால் விரிசல் விடும், விற்றபிறகு ஒரே தடவைதான் கழற்றுவேன்" என்றார். காகிதக் கூழைப் பற்றித் தெரிந்தவனுக்கு அந்தப் பதில் நியாயமாகவே பட்டது. அவருக்கும் அது தெரிந்திருந்தது. அப்புறம், ஏலத் தளத்தின் கட்டணம் மிச்சமாகும், 150 டாலர் குறைத்துக்கொள்கிறேன், பணத்தை நண்பருக்கு அனுப்புவதுபோல் நேரடியாக அனுப்பிவிடுங்கள் என்றார். அனுப்பினேன்.

பெட்டியிலிருந்து வெளியே எடுத்தபோதே கை சொல்லிவிட்டது. கதவு கனமாக இருந்தது, தொட்டால் சில்லென்று இருந்தது. காகிதக் கூழ் அப்படி இருக்காது. விரல் நகத்தால் தட்டினால் கெட்டி அட்டையைத் தட்டினதுபோல் மந்தமாகக் கேட்கும். இது பீங்கான் தட்டு மாதிரி 'டக்' என்றது. கதவைத் திறந்து உள்விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். குண்டூசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னத் துளைகள். ரெசின் என்கிற செயற்கைப் பிசினை அச்சில் வார்க்கும்போது காற்றுக் குமிழ் அகப்பட்டால் வருகிற துளைகள் அவை. உள்பக்கம் மறைவான ஓரிடத்தில் பிளேடால் இலேசாகச் சுரண்டினேன். கூழாக இருந்தால் பழுப்பு நிறத்தில் நார் நாராக வரும். இது வழவழவென்று வெள்ளையாக உதிர்ந்தது.

டயலை அறையை இருட்டாக்கிப் புறஊதா விளக்கில் பார்த்தேன். தேநீர் நிறத்தில் பழுத்ததுபோல் இருந்த காகிதம் நீலமும் வெள்ளையுமாக ஒளிர்ந்தது. காகிதத்தை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ஒளிரும் ரசாயனம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் காகித ஆலைகளுக்குள் வந்தது. 1890களின் காகிதம் அப்படி ஒளிராது. பிளஸ் தலைத் திருகு 1930களில்தான் வந்தது என்பது நமக்கெல்லாம் தெரியும். இந்த வேலை செய்பவர்களுக்கும் தெரியும். கடிகாரம் முழுக்கப் பழைய ஒற்றைக் கோட்டுத் திருகுகளையே போட்டிருந்தார்கள்.

இயந்திரம் மட்டும் அசல். சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் கழற்றினால், பலகையில் திருகு இறங்கிய துளைகளுக்குள் மரம் புதுசாக, வெளிர் மஞ்சளாக இருந்தது. எங்கேயோ உடைந்துபோன ஒரு சாதாரணச் சுவர்க் கடிகாரத்திலிருந்து எடுத்து இதில் உட்கார வைத்திருக்கிறார்கள். சேகரிப்பாளர்கள் இதை மேரேஜ் என்பார்கள்.

எனக்கு இதில் மனம் ஆறாத இடம் இதுதான். சேத் தாமஸ் இயந்திரம் எத்தனையோ சாதாரணக் கடிகாரங்களுக்குள் போயிருக்கிறது, தனியாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஃபின்ஸர் கடிகாரத்துக்கு நாம் கொடுக்கிற பணம் முழுக்க அந்தக் கூழ்க் கதவுக்கும் அதில் புடைத்த எழுத்துக்கும்தான். அதைக் காட்டாமல் இயந்திரத்தைக் காட்டினார், நானும் அதைப் பார்த்தே நம்பினேன். படத்தில் முத்திரை தெரிந்தால் அது முத்திரைக்கு மட்டும்தான் சாட்சி.

விற்றவருக்கு எழுதினேன். "உள்ளபடியே விற்பனை, திரும்ப எடுப்பதில்லை என்று போட்டிருந்தேனே" என்று ஒரே வரி வந்தது. அடுத்த கடிதத்துக்குப் பதில் இல்லை. பணம் தளத்துக்கு வெளியே போனதால் ஏலத் தளம் கையை விரித்துவிட்டது. கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிட்டுப் பார்த்திருக்கலாம். எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார்ப் பிரிவில் பதிந்திருக்கிறேன். சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்டார்கள். அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டுப் பொழுதுபோக்குப் பாதுகாப்புச் சட்டம் நாணயங்களின் நகலில் 'நகல்' என்று பொறிக்கச் சொல்கிறது, அரசியல் பேட்ஜ் போன்றவற்றின் நகலில் தயாரித்த வருடத்தைப் போடச் சொல்கிறது. கடிகாரம் அதில் வராது.

சரி, வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். கதவின் உள்பக்கம், உள்விளிம்பு, இயந்திரத்தைக் கழற்றிய பலகை, மூன்றுக்கும் படம் கேளுங்கள். கழற்றினால் உடையும் என்றால் நேரில் போய்ப் பாருங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். பென்சில்வேனியாவின் கொலம்பியாவில் தலைமையகம் உள்ள தேசியக் கடிகாரச் சேகரிப்பாளர் சங்கத்துக்குப் பல ஊர்களில் கிளைகள் உண்டு. கிளைக் கூட்டத்துக்கு என் கடிகாரத்தை எடுத்துப் போனபோது, ஒரு பெரியவர் கதவைக் கையில் வாங்கி, தூக்கிப் பார்த்தே "ரெசின்" என்றார். வாங்குவதற்கு முன்னாலேயே அவரிடம் படங்களைக் காட்டியிருக்க வேண்டும்.

இன்னொன்று. என் கதவில் ஜாலி டாரின் கடைசி எழுத்தின் காலில், அரிசி மணி அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய அடி என்று நினைத்திருந்தேன். நேற்று வேறொரு பெயரில், வேறொரு மாநிலத்திலிருந்து இன்னொரு ஃபின்ஸர் கடிகாரம் ஏலத்துக்கு வந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே எழுத்து, அதே கால், அதே பள்ளம். ஏலம் முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது. விலை 900 டாலரைத் தாண்டிவிட்டது.