பாளையங்கோட்டையில் ஒரு கீசர் சர்வீஸ்

லண்டனில் வீட்டை வாடகைக்கு விடுபவர் கேஸ் பாய்லரை 12 மாதத்துக்கு ஒருமுறை சோதித்துச் சான்றிதழ் வாங்கி வைக்க வேண்டும். அது சட்டம். அந்தப் பழக்கத்தில், மார்கழி விடுமுறைக்குப் பாளையங்கோட்டை வந்ததும் அம்மா வீட்டுக் கீசரையும் யாராவது பார்த்தால் நல்லது என்று தோன்றியது. "நல்லாத்தானே ஓடுது, அதைப் போய் எதுக்குல நோண்டுத?" என்றாள் அம்மா.

ஓடத்தான் செய்தது. ஆனால் போட்டவுடன் உள்ளே கொரகொரவென்று சத்தம், ஷவரில் வெள்ளை வெள்ளையாகத் தூள். எங்கள் தெருவில் மாநகராட்சித் தண்ணீர் போதாத நாளில் போர் தண்ணீரைத்தான் டேங்கில் ஏற்றுவார்கள். தாமிரபரணித் தண்ணீருக்கு இருக்கிற சாந்தம் அதற்குக் கிடையாது.

முதலில் கம்பெனி எண்ணுக்குப் போன் போட்டேன். "கம்ப்ளெய்ன்ட் என்ன சார்?" என்றார்கள். ஒன்றுமில்லை, சர்வீஸ்தான் வேண்டும் என்றதும் வருடாந்திர ஒப்பந்தத்தை விற்கத் தொடங்கிவிட்டார்கள். சரி, முதலில் ஆளை அனுப்புங்கள் என்றேன். நாள்தான் போனது, ஆள் வரவில்லை. மார்க்கெட் பக்கம் எலக்ட்ரிக்கல் கடையில் சொன்னேன். அன்று சாயங்காலமே ஒருவர் பையோடு வந்து நின்றார்.

அவர் வேலை செய்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. கரண்டைத் துண்டிக்கிற எம்.சி.பி. சுவிட்சை இறக்கினார், டெஸ்டர் வைத்துப் பார்த்தார், தண்ணீர் வரும் வால்வை மூடினார், அப்புறம்தான் ஸ்பேனரை எடுத்தார். கீசர் டேங்கைக் காலி செய்தபோது செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. அடித்தட்டைக் கழற்றி, தண்ணீரைச் சூடாக்குகிற காயிலை வெளியே எடுத்தால், பதநீர்க் கலயத்தின் உள்பக்கம் மாதிரி அப்படி ஒரு சுண்ணாம்பு! கடின நீரைச் சுட வைத்தால் அதில் கரைந்திருக்கும் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து காயிலில்தான் முதலில் படியும். படிவு தடித்தால் காயிலின் சூடு தண்ணீருக்குச் சரியாக இறங்காது. காயில் தானே காய்ந்து ஒருநாள் கருகிவிடும். 60 டிகிரிக்கு மேல் வைத்தால் படிவு இன்னும் வேகமாகச் சேரும். அம்மா குமிழை முழுதாகத் திருப்பி வைத்திருந்தாள்.

சிலர் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றிக் கழுவுவார்களாம், அது காயிலையே அரித்துவிடும். இவர் சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊற வைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தார்.

பக்கத்திலேயே இருந்த மெக்னீசியம் ராடு கம்பியாக மெலிந்து போயிருந்தது. "இது தேயுறதுக்குன்னே வச்சிருக்கு அண்ணாச்சி. இது தேஞ்சா டேங்க் தேயாது" என்றார். இரும்பை விட மெக்னீசியம் சீக்கிரம் அரிபடும் என்பதால், துரு பிடிக்கிற வினை முதலில் அதன் மேல் போகும். ராடு தீர்ந்தபின் டேங்கின் முறை. காயில் போனால் மாற்றிவிடலாம், டேங்க் ஓட்டையானால் புதுக் கீசர்தான். "காயில் போச்சுன்னாத்தான் எங்களைக் கூப்பிடுதாவ. ராடை யாரும் கேக்கவே மாட்டாவ." இத்தனை தெரிந்த கையைப் பழுதுக்கு மட்டும் கூப்பிடுவது எனக்கு வீணாகத்தான் படுகிறது.

புது ராடும் கேஸ்கட்டும் போட்டு, குழாயில் தண்ணீர் சீராக விழுந்த பிறகே சுவிட்சைத் தொட்டார். டேங்க் நிறையாமல் போட்டால் காயில் நிமிடங்களில் போய்விடும். சேஃப்டி வால்வைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் சூடாகும்போது அதில் நாலு சொட்டு விழுவது இயல்புதான். ஒழுகுகிறதென்று எம்சீல் பசை வைத்து அடைத்தால் அழுத்தத்துக்குப் போக்கிடம் இருக்காது. பக்கத்து வீட்டில் அப்படி அடைத்திருப்பதைச் சொன்னதும், பை கட்டுமுன் அங்கே போய் எடுத்துவிட்டுத்தான் வந்தார். எர்த்தையும் பார்த்தார். 2000 வாட் கீசர் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், அதற்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். எங்கள் வீட்டில் அது சரியாகவே இருந்தது.

கூலி, சாமான் எல்லாம் சேர்த்தும் லண்டனில் ஆள் வந்து பெல் அடிக்கிற காசு ஆகவில்லை. பில் மட்டும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. நம் ஊர் வெயிலில் சித்திரை, வைகாசியில் கீசரை யார் தொடுகிறார்கள்? அந்த மாதங்களில் டேங்கைக் காலி செய்து வைக்கச் சொன்னார். போர் தண்ணீர் என்பதால் ராடை வருடம் ஒருமுறை பார்க்க வேண்டுமாம். ஐப்பசி மழைக்கு முன்னால் வரச் சொல்லி அவர் நம்பரை அம்மா போனில் ஏற்றிக் கொடுத்தேன். கம்பெனி ஒப்பந்தம் எடுக்கவில்லை.