முகப்பருவுக்கு ஹார்மோன் மாத்திரை என்று ஆப்பில் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிய பிறகு எழுதினால் நாகரிகம் பார்த்துப் பாதியை விழுங்கிவிடுவேன். பாதி மாதச் சம்பளம் போயிருக்கிறது. ஒரு தோல் மருத்துவ ஆப் அதை முன்பணமாக வாங்கிக்கொண்டு ஒரு பெட்டி மாத்திரையை அனுப்பிவைத்தது. இப்போது நான் யார் என்றே தெரியாத மாதிரி நடிக்கிறது.

பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் முதலில் இந்தப் பதிவு காணாமல் போகும், அப்புறம் வக்கீல் நோட்டீஸ் வரும். எந்த வகை என்று மட்டும் சொல்கிறேன், உங்களுக்கே புரியும். முகத்தைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள், ‘நிபுணர் குழு’ பார்க்கும், உங்களுக்கென்றே தனியாக ஒரு தொகுப்பு தயாராகி வாசலுக்கு வரும். அந்த வகை. சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று படங்கள் நிறையப் போட்டிருப்பார்கள்.

எனக்கு இருப்பது தாடை ஓரத்திலும் கன்னத்தின் கீழ்ப்பக்கத்திலும் வரும் பரு. மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் உள்ளுக்குள் கட்டி மாதிரி வீங்கி வலிக்கும், போகும்போது கருந்தழும்பை விட்டுவிட்டுப் போகும். களிம்புகள் பார்த்தாயிற்று, ஆன்டிபயாடிக் பார்த்தாயிற்று. எடுக்கும்வரை குறையும், நிறுத்தினால் திரும்பி வரும். இந்த நிலையில் இருக்கும் பெண்ணிடம் ‘ஹார்மோனை வேரிலேயே சரி செய்கிறோம்’ என்று யாராவது சொன்னால் அவள் காது கொடுக்காமல் என்ன செய்வாள்?

வீடியோ அழைப்பு வந்தது. வெள்ளைக் கோட்டு, பின்னால் புத்தக அலமாரி. அந்தப் பெண் முதலில் சொன்னது: “இது உங்க தப்பே இல்ல மேடம். முகத்தைச் சரியா கழுவாததால வர்றது இல்ல இது.” இத்தனை வருஷமாக வீட்டிலும் வெளியிலும் முகம் கழுவச் சொல்லியே கேட்டுப் பழகிய எனக்குக் கண் கலங்கிவிட்டது. பணம் கைமாறிய இடம் உண்மையில் அதுதான். அதற்கப்புறம் அவர் என்ன விலை சொல்லியிருந்தாலும் கட்டியிருப்பேன். அவர் சொன்ன விளக்கத்திலும் குறை இல்லை. ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகிறது, துளை அடைபட்டு வீங்குகிறது, அந்தத் தூண்டுதலைக் குறைத்தால் பரு குறையும். எல்லாம் சரி. பக்க விளைவு இருக்குமா என்று கேட்டேன். “பேலன்ஸ் பண்றதுதான் மேடம், பயப்பட ஒண்ணுமில்ல. இரண்டு வாரத்துல வித்தியாசம் தெரியும்” என்றார்.

இரண்டு வாரம்! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத் தொகுப்பை மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி, அந்தத் தள்ளுபடியும் அன்றைக்கு மட்டும்தான் என்றார். பாதி மாதச் சம்பளம் அங்கேயே போனது.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். அதில் ‘ஒற்றைத் தலைவலி உண்டா’ என்று ஒரு கேள்வி. ஆம் என்று தொட்டேன். கீழே விவரம் கேட்டிருந்த கட்டத்தில், தலைவலி தொடங்கும் முன் கண் முன்னால் கோணல்மாணலாக வெளிச்சக் கோடுகள் ஓடும் என்று எழுதினேன். இன்றைக்கும் ஆப்பில் என் பக்கத்தில் அது அப்படியே இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். என்னிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான்.

பெட்டி வந்தது. உள்ளே எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற ஈஸ்ட்ரோஜனும் ட்ரோஸ்பைரனோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த கருத்தடை மாத்திரை அட்டைகள், ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை, முகம் கழுவ ஒரு திரவம், ‘உடல் நீர்ச்சத்துக்கு’ என்று தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பொடிப் பாக்கெட்டுகள். எல்லாம் இளஞ்சிவப்புத் தாளில் சுற்றி, என் பெயர் எழுதிய அட்டையோடு. கல்யாணச் சீர்வரிசை மாதிரி அவ்வளவு அழகாக அடுக்கியிருந்தார்கள். மாத்திரையோடு வரும் விவரத்தாளை மட்டும் காணவில்லை. மாத்திரைகளைப் பிரித்து வேறு அட்டையில் ஒட்டி அனுப்பியதால் தாள் போடவில்லையாம். பிறகு கேட்டபோது சொன்ன பதில் அது.

சாப்பிட ஆரம்பித்தேன். எழுந்து நின்றால் தலை சுற்றல், மார்பகத்தில் வலி, அடிக்கடி சிறுநீர், நாள் தவறி உதிரப்போக்கு. சாட்டில் கேட்டால் “உடல் பழகிக்கொள்கிறது மேடம்” என்று ஒரு இதயப் படத்தோடு பதில் வரும். அப்புறம் ஒரு நாள் வேலையிடத்தில் அந்த வெளிச்சக் கோடுகள் வந்தன. வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றன. ஒரு பக்கக் கை மரத்துப்போனது. என் அக்கா வந்து பெட்டியோடு என்னையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே இருந்த டாக்டர் பெட்டியைப் பார்ப்பதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, “தலைவலிக்கு முன்னாடி கண்ணுல வெளிச்சம் ஏதாவது தெரியுமாம்மா?” இரண்டாவது, “பிரஷர் பார்த்தாங்களா?” ஆப்பில் யாரும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லவும் இல்லை. இப்படி முன்னறிகுறியோடு வரும் ஒற்றைத் தலைவலிக்கு ‘ஆரா’ என்று பெயராம். அது இருக்கும் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை கொடுக்கக் கூடாது, பக்கவாத ஆபத்து கூடும் என்றார். உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி வரையறையில் இது நான்காவது பிரிவு, அதாவது எந்த நிலையிலும் தரக் கூடாத பிரிவு. நான் படிவத்தில் எழுதியே கொடுத்த விஷயம் இது! கருத்தடை மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார். பரிசோதனைகளில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுத முடிகிறது.

இதைப் படித்துவிட்டு ஹார்மோன் மருந்தே விஷம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. என் கோபம் மருந்தின் மேல் இல்லை. ஆளைப் பார்க்காமல் மருந்தை விற்றவர்கள் மேல். டாக்டர் பொறுமையாக விளக்கியதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். காசு வாங்கியவர்கள் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன், ரத்தத்தில் ஆண்ட்ரோஜனைக் கட்டிப்போடும் ஒரு புரதத்தைக் கூட்டுகிறது. சினைப்பையில் ஆண்ட்ரோஜன் உற்பத்தியும் குறைகிறது. அதனால் பரு குறைகிறது. மாதவிடாய் ஒழுங்காகும், வலியும் குறையலாம், கருத்தடையும் ஆயிற்று. நல்ல பலன்கள்தான். இன்னொரு பக்கம் ரத்தக்கட்டு. ஐரோப்பிய மருந்து முகமையின் கணக்கில், இந்த மாத்திரை எடுக்காத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் வருஷத்துக்குச் சுமார் 2 பேருக்கு ரத்தக் குழாயில் (சிரையில்) ரத்தம் உறைகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற வேறொரு ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பவர்களில் 5 முதல் 7 பேர். எனக்கு அனுப்பிய ட்ரோஸ்பைரனோன் வகையில் 9 முதல் 12 பேர். கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகான வாரங்களிலும் இந்த ஆபத்து இதைவிட அதிகம், ஆகவே பதற வேண்டிய எண் இல்லை இது. ஆனால் எனக்கு முன்னால் வைத்திருக்க வேண்டிய எண். பரு என்ற ஒன்றுக்காக இந்த ஆபத்தை எடுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் நான்தானே? முன்பு ரத்தக்கட்டு வந்தவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், 35 வயதுக்கு மேல் புகைப்பவர்கள், பிரசவமாகிச் சில வாரமே ஆனவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள், இவர்களுக்கும் இது ஆகாது. இதில் எத்தனை கேள்வி அந்த அழைப்பில் கேட்டார்கள் தெரியுமா? ஒன்றுகூட இல்லை.

ஸ்பைரோனோலாக்டோன் கதை வேறு. அது அடிப்படையில் ரத்த அழுத்தத்துக்கும் உடலில் நீர் கோத்து வீங்குவதற்கும் வந்த மருந்து. உடலில் உப்பையும் நீரையும் வெளியேற்றி பொட்டாசியத்தை நிறுத்திவைக்கும். அதோடு ஆண்ட்ரோஜன் போய் உட்காரும் இடத்தையும் அடைத்துக்கொள்வதால் பருவுக்கும் தருகிறார்கள். வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட இதை எடுத்தவர்களுக்கு 12 வாரத்தில் ஓரளவு முன்னேற்றம், 24 வாரத்தில் இன்னும் தெளிவான முன்னேற்றம். 12, 24! என்னிடம் சொன்னது இரண்டு வாரம். இரண்டு வாரத்தில் எதுவும் தெரியாது என்பது தெரிந்தேதான் மூன்று மாதப் பணத்தை முதலிலேயே வாங்குகிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு வந்த தலைசுற்றல், மார்பக வலி, அடிக்கடி சிறுநீர், ஒழுங்கு தப்பிய மாதவிடாய் எல்லாமே இதன் தெரிந்த பக்க விளைவுகள். முன்பே சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். கர்ப்பமாக இருக்கும்போது இதை எடுக்கவே கூடாது, ஆண் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கலாம். ஆகவே இதை எடுக்கும் காலத்தில் நம்பகமான கருத்தடை வேண்டும். ரத்தத்தில் அளவுக்கு மீறினால் ஆபத்தான பொட்டாசியம் விஷயத்தில் ஆரோக்கியமான இளம் பெண்களுக்குத் திரும்பத் திரும்ப ரத்தப் பரிசோதனை தேவையில்லை என்று 2024இல் வந்த அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, சில வகை ரத்த அழுத்த மாத்திரைகள் எடுத்தாலோ கட்டாயம் பார்க்க வேண்டும். இப்போது அந்தப் பெட்டியை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தைக் கூட்டும். ட்ரோஸ்பைரனோனும் அதே குணம் கொண்டது. ‘நீர்ச்சத்து’ப் பொடியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த டாக்டர் சிரித்துவிட்டார், அதிலும் பொட்டாசியம். எனக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. வேறொருத்திக்கும் இதே பெட்டிதானே போகும்? ‘உங்களுக்கென்றே தயாரித்தது’ என்று அட்டையில் பெயரை மட்டும் மாற்றி எழுதுவார்கள்.

சரி, பணத்துக்கு வருகிறேன். பிரிக்காத அட்டைகளைத் திருப்பித் தருகிறேன், மீதி மாதங்களின் பணம் திரும்ப வேண்டும் என்று கேட்டேன். முதல் பதில்: “உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது மேடம், 48 மணி நேரத்தில் தொடர்புகொள்கிறோம்.” தொடர்புகொள்ளவில்லை. திரும்பக் கேட்டால் வேறொருவர் முதலிலிருந்து கதை கேட்பார், அவரும் புரிகிறது என்பார். மருந்தை ஒருமுறை அனுப்பிவிட்டால் பணம் திரும்பாது என்பது விதிமுறையாம், நான் ‘ஒப்புக்கொண்டிருக்கிறேனாம்’. சரி, என்னிடம் பேசிய டாக்டரிடமே பேசுகிறேன் என்றேன். அதற்கு வந்த பதிலைப் படித்துவிட்டுத்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன்: “அழைப்பில் பேசியவர் எங்கள் ஸ்கின் கோச் மேடம். மருந்துச் சீட்டை மருத்துவர் குழு தனியாகப் பரிசீலித்தது.”

ஸ்கின் கோச்! வெள்ளைக் கோட்டு எதற்கு அப்போது? சீட்டில் கையெழுத்துப் போட்டவரை நான் பார்த்ததும் இல்லை, அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. படிவத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். உடனே பதில் வந்தது. பணம் இல்லை, அடுத்த தொகுப்புக்குத் தள்ளுபடிக் கூப்பன். பாதி மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, பக்கவாதம் வரக்கூடிய மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அதே மாத்திரையை இன்னொரு முறை வாங்கக் கூப்பன். நான் கொடுத்த ஒரு நட்சத்திர விமர்சனமும் மறுநாள் காணவில்லை. இப்போது சாட்டைத் திறந்தால் ‘உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது’ என்று காட்டுகிறது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேசுபவர் டாக்டரா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள், பதிவு எண்ணையும் கேளுங்கள், தராவிட்டால் அழைப்பைத் துண்டியுங்கள். ரத்த அழுத்தம் பார்க்காமல், தலைவலி, புகை, ரத்தக்கட்டு, கர்ப்பம் பற்றிக் கேட்காமல் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தருபவரிடம் வாங்காதீர்கள். மாதவிடாய் தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால் முதலில் நேரில் போய் பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தத் தொகுப்புக்கு முன்பணம் வேண்டவே வேண்டாம், ஒரு மாதத்துக்கு வாங்குங்கள். விவரத்தாள் இல்லாத மாத்திரையை வாயில் போடாதீர்கள். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ சாட்டில் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

கட்டண ரசீது, சாட், படிவம் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் புகாருக்கு அனுப்பப் போகிறேன். இதே மாதிரி பெட்டி வந்தவர்கள் கீழே எழுதுங்கள், ஆப்பின் பெயரை மட்டும் போடாதீர்கள். பாதிச் சம்பளத்தில் ஒரு பைசா திரும்பி வந்தாலும் இங்கேயே வந்து சொல்கிறேன்.